ஊழல் செய்தியை எப்படிப் படிப்பது?

ஒரு ஊழல் செய்தி எந்தச் சேனலில் முதலில் வந்தது என்று தெரிந்தால் போதும், பாதி விஷயம் புரிந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது ஓரளவு சரியும்கூட. ஆனால் மீதிப் பாதியைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. "எல்லாரும் விலைபோனவங்க, எதையும் நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊழல் நிஜமாகவே நடக்கிறது, போவது நம் வரிப்பணம். இன்னொரு பக்கம், நிரூபிக்கப்படாத குற்றத்துக்காக வருடக்கணக்கில் பழி சுமப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் ஓட்டுப்போடும்போது நாம் வெறும் சத்தத்துக்குத்தான் ஓட்டுப் போடுவோம்.

இதற்குப் பெரிய சட்ட அறிவு எதுவும் தேவையில்லை. கொஞ்சம் பொறுமை, ஒரு நோட்டுப் புத்தகம், இணையத்தில் ஆவணம் தேடும் பழக்கம், அவ்வளவுதான். உதாரணத்துக்குப் பெரும்பாலும் 2ஜி வழக்கையே, அதாவது 2008-இல் செல்போன் அலைக்கற்றை உரிமங்களைக் கொடுத்ததில் முறைகேடு என்று எழுந்த வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். காரணம், தமிழ்நாட்டில் அதைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளே கிடையாது, அதன் ஆவணங்கள் பெரும்பாலும் பொதுவெளியில் இருக்கின்றன, அதோடு கிட்டத்தட்ட எல்லா ஊடகங்களும் ஏதோ ஒரு கட்டத்தில் அதில் சறுக்கியிருக்கின்றன.

வழக்கு எந்தப் படியில் நிற்கிறது?

எந்தச் செய்தியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். புகார், முதல் தகவல் அறிக்கை, சோதனை, கைது, குற்றப்பத்திரிகை, நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்வது, சாட்சி விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு என்று ஒரு ஊழல் வழக்குக்கு நீண்ட படிக்கட்டு இருக்கிறது. தலைப்புச் செய்தி இந்தப் படிகளை எல்லாம் தட்டையாக்கிவிடும். "சிக்கினார்", "அம்பலம்" என்று போட்டுவிட்டால் புகார் கொடுத்த நாளும் தீர்ப்பு வந்த நாளும் ஒரே மாதிரி தெரியும்.

2025 மார்ச்சில் டாஸ்மாக் தலைமையகத்தில் அமலாக்கத்துறை சோதனை நடத்தி, 1,000 கோடி ரூபாய்க்கு முறைகேடு என்று அறிவித்ததை நினைத்துப் பாருங்கள். அப்போது ஆளுங்கட்சியாக இருந்த திமுகவுக்கு எதிரான தரப்பு அந்த நாளே எல்லாம் நிரூபணமாகிவிட்டது போலப் பேசியது. மே 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அமலாக்கத்துறை எல்லை மீறுகிறது என்று கண்டித்து விசாரணைக்கு இடைக்காலத் தடை போட்டது. உடனே மறுதரப்பு, குற்றமே இல்லை என்று தீர்ப்பு வந்துவிட்டது போலக் கொண்டாடியது. சோதனை நிரூபணம் ஆகாது, தடை விடுதலை ஆகாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி விவாத நிகழ்ச்சிகளைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது.

சோதனை, கைது ஆகிய இரண்டு படிகளுக்குத்தான் நம் ஊடகங்கள் அதிக நேரம் கொடுக்கின்றன, ஏனென்றால் அங்கேதான் காட்சி இருக்கிறது: கார் வருகிறது, கேட் மூடப்படுகிறது, தொண்டர்கள் கோஷம் போடுகிறார்கள். ஆனால் அந்தப் படியிலிருந்து தண்டனை வரைக்கும் எத்தனை வழக்குகள் போகின்றன? 2025 மார்ச்சில் மாநிலங்களவையில் ஒன்றிய அரசே கொடுத்த பதில்படி, பத்து ஆண்டுகளில் அரசியல்வாதிகள் மீது அமலாக்கத்துறை பதிவு செய்த 193 வழக்குகளில் தண்டனையில் முடிந்தவை 2. மற்ற எல்லாரும் நிரபராதி என்று இதற்கு அர்த்தம் இல்லை, பல வழக்குகள் இன்னும் நடக்கின்றன. ஆனால் "அமலாக்கத்துறை வந்துவிட்டது" என்பதை வைத்து எவ்வளவு தூரம் முடிவுக்கு வரலாம் என்று இந்த எண்ணிக்கை சொல்கிறது.

இன்னொன்று. வழக்கிலிருந்து ஒருவர் "தப்பினார்" என்று செய்தி வந்தால், எப்படித் தப்பினார் என்று பாருங்கள். ஏர்செல் செல்போன் நிறுவனம் மேக்சிஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது தொடர்பான ஏர்செல்-மேக்சிஸ் வழக்கில் 2017 பிப்ரவரி 2-ஆம் தேதி தயாநிதி மாறனும் கலாநிதி மாறனும், குற்றச்சாட்டு பதிவு செய்யும் கட்டத்திலேயே, சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே விடுவிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி 2ஜி வழக்கில், உரிமம் கொடுத்தபோது தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த ஆ. ராசா, கனிமொழி உள்ளிட்டவர்கள் முழு விசாரணையும் முடிந்த பிறகு விடுதலையானார்கள். இரண்டு தீர்ப்பையும் கொடுத்தது ஓ.பி. சைனி என்ற ஒரே நீதிபதிதான். ஆனால் சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு படிகள். இப்படி எந்தப் படியில் என்பதைச் சொல்லாத செய்தியை அரைச் செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொகையை நம்புவதற்கு முன், அது எந்தத் தொகை என்று கேளுங்கள்

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் நம் மக்களை அதிகம் குழப்பியது தொகைதான்.

"1.76 லட்சம் கோடி." இந்த எண்ணைச் சொன்னால் போதும், எந்த வழக்கு என்று தமிழ்நாட்டில் யாரும் சொல்லிவிடுவார்கள். 2010 நவம்பர் 16-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையில் இருந்து வந்தது அது. அந்த அறிக்கையில் ஒரே ஒரு தொகை இல்லை. 57,666 கோடியில் தொடங்கி 1,76,645 கோடி வரை பல மதிப்பீடுகள் இருந்தன. ஏன் பல? ஒவ்வொன்றுக்கும் அடிப்படை வேறு. 2010-இல் நடந்த 3ஜி ஏலத்தில் கிடைத்த விலையை 2008-இல் கொடுத்த 2ஜி அலைக்கற்றைக்குப் பொருத்தினால் பெரிய தொகை வரும். எஸ் டெல் என்ற நிறுவனம் தானாகக் கொடுக்க முன்வந்த விலையை வைத்தால் வேறு தொகை. உரிமம் வாங்கிய நிறுவனங்கள் பிறகு வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பங்கு விற்ற விலையை வைத்தால் இன்னொரு தொகை. அறிக்கை இதை உத்தேச இழப்பு என்றுதான் சொன்னது. பத்திரிகைகள் அதில் மிகப்பெரியதை எடுத்துக்கொண்டன, "உத்தேச" என்ற சொல் போகப் போகக் கழன்று விழுந்தது.

அதன் பிறகு 2011 ஜனவரியில் அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் கபில் சிபல் இழப்பே இல்லை, பூஜ்யம் என்றார். அதே ஆண்டு ஏப்ரலில் சிபிஐ தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இழப்பு 30,984 கோடி. 2012 நவம்பரில் திரும்ப ஏலம் விட்டபோது வந்தது சுமார் 9,407 கோடி, அரசு எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. "பார்த்தீர்களா, இழப்பே இல்லை" என்று ஒரு தரப்பு இதைக் காட்டும். ஆனால் 2008-இல் இருந்த சந்தை வேறு, 2012-இல் இருந்த சந்தை வேறு. ஒரு எண்ணை வைத்து இன்னொரு எண்ணை அடிக்கும் விளையாட்டு இரண்டு பக்கமும் நடந்தது.

இந்த மாதிரி செய்தி வந்தால் மூன்று தொகைகளைத் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். அரசுக்கு வராமல் போன வருமானம் எவ்வளவு என்று சொல்கிறார்கள்? தனியார் நிறுவனங்களுக்குக் கிடைத்த லாபம் எவ்வளவு? லஞ்சமாகக் கைமாறியது என்று குற்றம் சாட்டப்படுவது எவ்வளவு? 2ஜி வழக்கில் முதலாவது மேலே சொன்ன மதிப்பீடுகள். இரண்டாவதற்கு, யுனிடெக், ஸ்வான் போன்ற நிறுவனங்கள் டெலினார், எடிசலாட் ஆகியவற்றுக்கு விற்ற பங்குகளைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, கலைஞர் டிவிக்கு டி.பி. ரியல்டி குழுமத்தோடு தொடர்புடைய நிறுவனங்கள் வழியாக வந்த 200 கோடி. அது லஞ்சம் என்றது சிபிஐ, கடனாக வாங்கி வட்டியோடு திருப்பிவிட்டோம் என்றது தொலைக்காட்சி, லஞ்சம் என்று நிரூபிக்கப்படவில்லை என்றது சிறப்பு நீதிமன்றம். ஆனால் மேடையில் என்ன பேசினார்கள்? "1.76 லட்சம் கோடியைக் கொள்ளையடித்தார்கள்" என்று, ஏதோ அவ்வளவு பணத்தையும் மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப்போனது போல. டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது அந்த வாக்கியம்தான்.

அறிக்கை இறுதியானதா, கசிந்த வரைவா என்பதையும் பாருங்கள். நிலக்கரி சுரங்க ஒதுக்கீட்டில் 2012 மார்ச்சில் பத்திரிகைக்குக் கசிந்த வரைவு 10.67 லட்சம் கோடி என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்த இறுதி அறிக்கையில் அது 1.86 லட்சம் கோடி. முதல் எண்ணைப் பெரிய எழுத்தில் போட்ட அளவுக்கு, அது குறைந்ததை யாரும் பெரிய எழுத்தில் போடவில்லை. அதற்காக முறைகேடே இல்லை என்றும் ஆகிவிடாது: 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 ஒதுக்கீடுகளை ரத்து செய்தது.

கூட்டல் கழித்தலை நீங்களே போட்டுப் பார்க்கலாம் என்பதற்கு ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2015 மே 11-ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தபோது ஒரு தரப்புக்கு அது பட்டாசு, இன்னொரு தரப்புக்கு அது அதிர்ச்சி. சேனல்கள் அன்று முழுக்க இந்த இரண்டு உணர்ச்சிகளையே காட்டின. ஆனால் தீர்ப்பின் உள்ளே வாங்கிய கடன்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதன் மொத்தம் 24.17 கோடி என்று எழுதியிருந்தார் நீதிபதி. பட்டியலில் உள்ள தொகைகளைக் கூட்டினால் 10.67 கோடிதான் வருகிறது, வித்தியாசம் 13.5 கோடி. வருமானத்துக்கு மேல் சேர்த்த சொத்து 8.12 சதவீதம், அது பத்துக்குக் கீழே இருப்பதால் குற்றமில்லை என்ற முடிவுக்கே இந்தக் கூட்டல்தான் ஒரு தூண். அரசுத் தரப்பு வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா உடனே இதைச் சுட்டிக்காட்டினார். தீர்ப்பு நகல் யாருக்கும் கிடைக்கும், ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும், வேறு எந்தத் தகுதியும் தேவையில்லை. 2017 பிப்ரவரி 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, பெங்களூரு சிறப்பு நீதிமன்றத்தின் தண்டனையை உறுதி செய்தது. அதற்குள் ஜெயலலிதா இறந்துவிட்டதால், சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் சிறைக்குப் போனார்கள்.

இரண்டு தீர்ப்புகள் முரண்படுவது போலத் தெரிந்தால்

2ஜி பற்றிப் பேசும்போது திமுக ஆதரவாளர்கள் 2017 தீர்ப்பைக் காட்டுவார்கள், எதிர்த்தரப்பு 2012 தீர்ப்பைக் காட்டும். இரண்டு பேரும் உண்மையைத்தான் காட்டுகிறார்கள், ஆனால் ஆளுக்கொரு பாதியை.

2012 பிப்ரவரி 2-ஆம் தேதி நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வி, ஏ.கே. கங்குலி அமர்வு 122 உரிமங்களையும் ரத்து செய்தது. அவர்கள் முன் இருந்த கேள்வி, ஒதுக்கீடு செய்த முறை சரியா என்பது. விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியை 2007 அக்டோபர் 1-லிருந்து செப்டம்பர் 25-ஆம் தேதிக்கு முன்கூட்டியே கொண்டுவந்தது, 2008 ஜனவரி 10-ஆம் தேதி அறிவிப்பு கொடுத்து அன்று மாலையே ஒரு மணி நேரத்துக்குள் வந்து கடிதம் வாங்கச் சொன்னது, 2001-ஆம் ஆண்டின் நுழைவுக் கட்டணமான 1,658 கோடிக்கே நாடு முழுவதற்குமான உரிமத்தைக் கொடுத்தது, இதெல்லாம் தன்னிச்சையானது, சட்டத்துக்குப் பொருந்தாது என்றார்கள். 2017-இல் சிறப்பு நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி வேறு: இந்தக் குறிப்பிட்ட நபர்கள் சதி செய்து லஞ்சம் வாங்கினார்கள் என்பதற்குச் சட்டப்படி ஏற்கத்தக்க ஆதாரம் இருக்கிறதா? இல்லை என்றது நீதிமன்றம். கோடை விடுமுறை உட்பட ஏழு ஆண்டுகள், தினமும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை யாராவது ஆதாரத்தோடு வருவார்களா என்று காத்திருந்ததாகவும், எல்லாரும் வதந்தியும் ஊகமும் உருவாக்கிய பொதுக்கருத்தை வைத்தே நடந்துகொண்டதாகவும் நீதிபதி சைனி எழுதினார். ஊடகங்களைப் பற்றி யோசிக்கிறவர்கள் அந்தப் பத்தியை அவசியம் படிக்க வேண்டும். சிபிஐ மேல்முறையீடு செய்தது, 2024 மார்ச் 22-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது.

முறை தவறு என்று ஒரு நீதிமன்றமும், நபர்கள் மீது குற்றம் நிரூபணமாகவில்லை என்று இன்னொரு நீதிமன்றமும் சொல்லலாம், இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கலாம். ஒரு கட்டுரையோ வீடியோவோ இரண்டையும் சொல்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் சொன்னால், சொல்பவர் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எதிரிச் சேனலையும் பாருங்கள்

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் யார் யாருடையது என்பது ரகசியம் இல்லை. சன் டிவி மாறன் குடும்பத்தினுடையது. 2007-இல் அந்தக் குடும்பத்துக்கும் கருணாநிதி குடும்பத்துக்கும் சண்டை வந்தபோது கலைஞர் டிவி வந்தது. ஜெயா டிவி சசிகலா குடும்பத்தின் கையிலேயே இருந்துவிட்டதால் 2018-இல் அதிமுகவுக்கு நியூஸ் ஜெ வந்தது. பாமகவுக்கு மக்கள் டிவி, தேமுதிகவுக்குக் கேப்டன் டிவி. கட்சிப் பெயர் இல்லாத சேனல்களுக்கும் கல்லூரி, கட்டுமானம் என்று முதலாளிகளின் வேறு தொழில்கள் இருக்கும், அரசு விளம்பரம் தேவைப்படும், 2011-க்குப் பிறகு வலுவான அரசு கேபிளில் நல்ல இடமும் தேவைப்படும். எனவே ஒரு சேனலின் உரிமையாளர் யார், அவருக்கு வேறு என்ன தொழில் என்று ஒரு முறை தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல வருடங்களுக்குப் பயன்படும்.

ஆனால் உரிமையாளரைத் தெரிந்துகொள்வதோடு நிற்காதீர்கள், இரண்டு பக்கத்தையும் பாருங்கள். 2001 ஜூன் 30 அதிகாலை, மேம்பால வழக்கில் கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியைச் சன் டிவி திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. வயதான ஒரு தலைவரை இழுத்துப் போகிறார்கள், அவர் அலறுகிறார். ஜெயா டிவியில் வேறு காட்சிகள்: அப்போது மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் போலீஸாரோடு மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டு படத்தொகுப்பும் அந்த இரவில் நடந்தவைதான். எது வெட்டப்பட்டது என்பது ஒன்றை மட்டும் பார்த்தவருக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், மேம்பாலம் கட்டியதில் 12 கோடி முறைகேடு என்ற குற்றச்சாட்டு உண்மையா என்பதை இரண்டு பக்கத்து ரசிகர்களும் மறந்தே போனார்கள்.

1996 டிசம்பரில் போயஸ் கார்டனில் எடுத்த புடவைகள், செருப்புகள், நகைகள் சன் டிவியில் ஓடியதும் இதே கதைதான். ஒரு தலைமுறைக்கே அந்தப் படம் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அப்போது ஜெயலலிதா கைதானது கலர் டிவி கொள்முதல் வழக்கில். அதில் அவர் பின்னால் விடுதலையானார், தண்டனை உறுதியானது சொத்துக் குவிப்பு வழக்கில். மனதில் நிற்கும் காட்சியையும், நடக்கும் வழக்கையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கட்சி மாறினால் செய்தி மாறுகிறதா?

ஒரு ஊடகத்தின் சாய்வைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல சோதனை இது. குற்றம் சாட்டப்பட்டவர் கட்சி மாறியிருந்தால், மாறுவதற்கு முன்னும் பின்னும் அதே ஊடகம் அதே குற்றச்சாட்டைப் பற்றி என்ன எழுதியது என்று தேடிப் பாருங்கள்.

செந்தில் பாலாஜி மீதான, போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கியதாகச் சொல்லும் குற்றச்சாட்டு, அவர் 2011 முதல் 2015 வரை அதிமுக அமைச்சராக இருந்த காலத்தைச் சேர்ந்தது. 2018 இறுதியில் திமுகவில் சேர்ந்தார். 2023 ஜூன் 14-ஆம் தேதி அமலாக்கத்துறை கைது செய்தபோது அவர் திமுக அமைச்சர். குற்றச்சாட்டு அதேதான், நபரும் அவரேதான். ஆனால் முன்பு அதைப் பேசியவர்கள் பிறகு அவருக்காகப் பேசினார்கள், முன்பு பேசாதவர்கள் பிறகு அதைத் தலைப்புச் செய்தி ஆக்கினார்கள். தேசிய அளவிலும் இதே கதை உண்டு. 2023 ஜூன் 27-ஆம் தேதி போபாலில் பிரதமர் மோடி தேசியவாத காங்கிரஸின் 70,000 கோடி ஊழல் பற்றிப் பேசினார். ஜூலை 2-ஆம் தேதி அந்தக் கட்சியின் அஜித் பவார் பாஜக கூட்டணியில் மகாராஷ்டிரத் துணை முதல்வராகப் பதவியேற்றார். அந்த ஒரு வாரத்தில் நீங்கள் பார்க்கும் சேனல் எதைப் பற்றி விவாதித்தது, எதைப் பற்றிப் பேசவில்லை என்று பழைய வீடியோக்களில் தேடுங்கள். அதைவிட வெளிப்படையான சான்று வேறு கிடைக்காது.

சாய்வு இருந்தால் பொய் என்று அர்த்தமா?

இல்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2ஜி ஒதுக்கீட்டு முறைகேட்டை 2008 முதலே விடாமல் எழுதியவர் டெல்லி பயனியர் நாளிதழின் ஜே. கோபிகிருஷ்ணன். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் சந்தன் மித்ரா பின்னர் பாஜக மாநிலங்களவை உறுப்பினராகவே இருந்தவர். பாஜக பக்கம் சாய்ந்த பத்திரிகை என்று அதைத் தள்ளியிருந்தால், கடைசித் தேதியை மாற்றிய உண்மையையும் சேர்த்துத் தள்ளியிருப்போம். எதிர்க்கட்சி ஊடகத்துக்குத் தோண்ட ஒரு காரணம் இருக்கிறது, தோண்டினால் சில நேரம் உண்மை கிடைக்கும். அவர்கள் காட்டும் ஆவணத்தைப் பாருங்கள், அடைமொழிகளை விட்டுவிடுங்கள்.

ஆவணம் என்றால் முழுப் பக்கம். 2019 பிப்ரவரி 8-ஆம் தேதி இந்து ஆங்கில நாளிதழ், ரஃபேல் போர் விமான பேரத்தில் பிரதமர் அலுவலகம் தனியாகப் பேச்சு நடத்துவதைப் பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகள் எதிர்த்த குறிப்பை வெளியிட்டது. முக்கியமான செய்திதான். ஆனால் வெளியான படத்தில், அதே பக்கத்தில் அந்தக் குறிப்பு எழுதப்பட்ட காலத்தில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் கைப்பட எழுதிய குறிப்பு இல்லை, அதிகாரிகளின் கவலை மிகையானது என்கிற பொருளில் அவர் எழுதியிருந்தார். அன்றே ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் முழுப் பக்கத்தையும் வெளியிட்டது. அதிகாரிகளின் எதிர்ப்பும் நிஜம், அமைச்சரின் பதிலும் நிஜம். இரண்டும் நம் முன் இருந்தால்தான் நாம் முடிவு செய்ய முடியும்.

பேசாமல் இருப்பதும் சாய்வுதான்

2010 நவம்பரில் ஓபன், அவுட்லுக் ஆகிய இரண்டு இதழ்கள் பெரு நிறுவனங்களுக்காக அரசியல்வாதிகளிடம் பேசும் தரகர் நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்களை வெளியிட்டன. யார் எந்தத் துறைக்கு அமைச்சராக வேண்டும் என்று நடந்த பேரங்கள் அதில் இருந்தன, டெல்லியின் பிரபல பத்திரிகையாளர்களின் குரலும் இருந்தது. பெரிய சேனல்களும் நாளிதழ்களும் பல நாட்கள் வாயே திறக்கவில்லை. இங்கே கட்சிச் சாய்வு இல்லை, தொழில்காரர்கள் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்வதுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு பெரிய செய்தியை ஒரே ஒரு இடத்தில் பார்த்தால் உடனே பொய் என்று முடிவு கட்டாமல், மற்றவர்கள் ஏன் தொடவில்லை என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

பழகிப் பார்க்க ஒரு பயிற்சி

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரங்களின் விவரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது, மார்ச் 14 முதல் தேர்தல் ஆணையம் பட்டியலை வெளியிட்டது. வெளியான விவரப்படி பாஜகவுக்கு 6,060 கோடிக்கு மேல். அதிகமாகப் பத்திரம் வாங்கியது லாட்டரி தொழிலதிபர் மார்ட்டினின் பியூச்சர் கேமிங், 1,368 கோடி. அதில் 500 கோடிக்கு மேல் திமுகவுக்கு. அதிமுகவுக்குக் கிடைத்தது சுமார் 6 கோடி, பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் கொடுத்தது. பட்டியல் ஒன்றுதான், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தது. இப்போது அந்த வாரத்து முரசொலி, தினமலர், நியூஸ் ஜெ, சன் நியூஸ், ஏதாவது ஒரு டெல்லி ஆங்கிலச் சேனல் ஆகியவை இதிலிருந்து எதைத் தலைப்பாக எடுத்தன, எதை விட்டன என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு மாலை நேரம் ஆகும். அதற்குப் பிறகு உங்கள் கண் தானாகவே விடுபட்டதைத் தேடத் தொடங்கும்.

அப்புறம் அந்த நோட்டுப் புத்தகம். ஒரு ஊழல் செய்தி உங்களைக் கோபப்படுத்தினால் தேதி, குற்றச்சாட்டு என்ன, யார் சொன்னது, எந்தப் படி என்று நாலு வரி எழுதுங்கள். "வட்டாரங்கள் தெரிவித்தன" என்று மட்டும் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், ஏனென்றால் விசாரணை அமைப்புகள் கசியவிடும் தகவல் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் வருகிறது. மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள், யார் அந்தச் செய்தியைத் தொடர்ந்தார்கள், யார் கைவிட்டார்கள் என்று தெரியும். தொடர்ந்து வந்து, தங்கள் தரப்புக்குப் பாதகமான தீர்ப்பையும் பதிவு செய்கிறவர்கள் எழுதுவதை நேரம் ஒதுக்கிப் படியுங்கள். அப்படிப்பட்டவர்கள் குறைவு, ஆனால் எல்லாப் பக்கத்திலும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள்.

குடும்பக் குழுவில் யாராவது ஒரு வீடியோ போட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். "மாமா, இது எஃப்.ஐ.ஆர். தானா, இல்ல தீர்ப்பு வந்துடுச்சா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடலாம். தணிக்கை அறிக்கைகள் தலைமைத் தணிக்கை அதிகாரியின் தளத்தில் இருக்கின்றன, தீர்ப்புகளை உச்ச நீதிமன்றத் தளத்திலும் இந்தியன் கானூன் என்ற இணையதளத்திலும் இலவசமாகப் படிக்கலாம், வேட்பாளர்கள் மீதுள்ள வழக்குகள் அவர்களின் பிரமாணப் பத்திரத்திலேயே இருக்கும். கீழமை நீதிமன்ற வழக்கு என்றால் இ-கோர்ட்ஸ் செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். வழக்குக்கு உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால், அடுத்த விசாரணை எந்தத் தேதி, கடைசியாக என்ன நடந்தது என்று வந்துவிடும். எண் தெரியாவிட்டால் மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்வு செய்து, வழக்கில் உள்ளவரின் பெயரையும் பதிவான ஆண்டையும் கொடுத்துத் தேடலாம்.